கையூன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

அறுபது வயதைக் கடந்த ஒருவர் மருத்துவரிடம் கொண்டுபோகும் கோப்பைத் திறந்தால் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு, கிரியாட்டினின், இசிஜி என்று பல ஆண்டுக் கணக்கு வரிசையாக இருக்கும். தொடைத் தசை எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று குறித்த ஒரு தாள்கூட அதில் இருக்காது. ஆனால் அந்த மனிதர் தம் எண்பதாவது வயதில் தாமாகவே குளித்து, தாமாகவே கழிவறைக்குப் போய், தெருமுனைக் கடைவரை நடந்து பால் வாங்கி வருவாரா, அல்லது தூக்கிவிட ஆள் வரும்வரை கட்டிலில் காத்திருப்பாரா என்பதை முடிவு செய்வதில், கோப்பில் உள்ள எண்களுக்குச் சற்றும் குறையாத பங்கு அந்த எழுதப்படாத எண்ணுக்கு உண்டு. முதுமை பற்றிய நம் பேச்சு முழுவதும் நோய்களைச் சுற்றியே நின்றுவிடுவதால் கால்களின் வலு என்ற ஒன்று கண்ணில் படாமலே போகிறது.

தமிழ்நாட்டுக்கு இது பெரிய விஷயம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மாநிலத்தில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று அதிகமானோர் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். 2021-க்கான மதிப்பீடு அதை 13.6 விழுக்காடு என்று வைத்தது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமாக இருப்பது இங்கேதான். பிள்ளைகள் ஒன்றோ இரண்டோ, அவர்களும் பெங்களூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் குடும்பங்கள் பெருகிவிட்ட காலத்தில், எழுந்து நடமாட முடிவது என்பது வெறும் உடல்நலச் செய்தியாக இல்லாமல், யார் எங்கே யாரோடு வாழ்வது என்ற கேள்வியாகவும் ஆகிவிடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிக்கையும் நலமான முதுமைக்கு இலக்கணமாக நோயில்லாமல் இருப்பதைச் சொல்லவில்லை. தாம் மதிக்கும் காரியங்களைச் செய்துகொள்ளும் திறன் எஞ்சியிருப்பதையே சொல்கிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருந்தும் தம் வேலையைத் தாமே பார்த்துக்கொள்ளும் எழுபத்தைந்து வயதுக்காரர், அந்த இலக்கணப்படி நலமாகவே இருக்கிறார்.

வயதாகும்போது தசை குறைவது மருத்துவர்களுக்குப் புதிய செய்தி அன்று. ஆனால் அதற்குத் தனிப் பெயர் கிடைக்க வெகுகாலம் ஆனது. அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் இர்வின் ரோசன்பெர்க் 1980-களின் இறுதியில்தான், சதை, இழப்பு என்னும் பொருள்தரும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து சார்கோபீனியா என்ற பெயரைச் சூட்டினார். பெயரில்லாத குறையை யாரும் அளப்பதில்லை, அதற்கு மருந்தும் தேடுவதில்லை என்பதே அவருடைய கவலை. முப்பது வயதுக்குப் பிறகு ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையில் 3 முதல் 8 விழுக்காடுவரை கரைகிறது என்பது பொதுவான கணக்கு; அறுபதுக்குப் பிறகு அந்த வேகம் கூடுகிறது. தசையின் அளவு குறைவதைவிட அதன் வலு இன்னும் விரைவாகக் குறைகிறது. அதனால்தான், எடை மாறவே இல்லையே என்று நம்பியிருப்பவருக்கும் மாடிப்படி திடீரென்று உயரமாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்தால் எடைபார்க்கும் இயந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். தண்டுவடத்திலிருந்து தசைக்கு ஆணை கொண்டுபோகும் நரம்பணுக்கள் வயதோடு கொஞ்சம் கொஞ்சமாக மடிகின்றன. அவற்றை நம்பியிருந்த தசையிழைகளில் சிலவற்றைப் பக்கத்து நரம்பு தத்தெடுத்துக்கொள்கிறது, மற்றவை சுருங்கிப்போகின்றன. இதில் முதலில் அடிபடுபவை வேகமாகச் சுருங்கி விரியும் இழைகள். நீண்ட தூரம் மெதுவாக நடக்க உதவும் இழைகள் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன; கால் இடறியவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் மறு காலை முன்னால் வைத்து உடலைத் தாங்கிப்பிடிக்க உதவும் இழைகளே முதலில் விடைபெறுகின்றன. தினமும் ஒரு மணி நேரம் நடப்பவர் குளியலறையில் வழுக்கி விழுந்தார் என்று கேட்கும்போது நமக்கு வியப்பாக இருக்கிறது. நடை அவருடைய இதயத்தையும் மூச்சையும் காத்தது; விழாமல் தடுத்திருக்க வேண்டிய இழைகளுக்கு அந்த நடையில் வேலையே இருக்கவில்லை.

விழுவதைச் சாதாரண விபத்தாகக் கருதும் வழக்கத்தை நாம் விட வேண்டும். உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுவதால் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. எதிர்பாராத காயங்களால் நேரும் சாவுகளில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான். மூத்தோரிடையே இடுப்பு எலும்பு முறிவுகளில் மிகப் பெரும்பாலானவை, நின்ற நிலையிலிருந்து பக்கவாட்டில் விழுவதால் நேர்பவை. முறிந்த எலும்பை இன்று நன்றாகவே பொருத்திவிடுகிறார்கள். ஆனால் அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படுக்கையில் கழியும் நாட்கள் ஏற்கெனவே இளைத்திருந்த தசையை இன்னும் உருக்கிவிடுகின்றன. படுக்கை எவ்வளவு விரைவாக வலுவைத் தின்கிறது என்பதை 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சராசரியாக 67 வயதான, எந்த நோயும் இல்லாத சிலரைப் பத்து நாட்கள் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். உணவில் வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்குப் புரதம் இருந்தது. பத்தாவது நாளில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்து எழுந்த தாத்தா பழையபடி நடமாட முடியாமல் போவதை எத்தனையோ வீடுகள் கண்டிருக்கின்றன. "காய்ச்சல்தான் இறங்கிவிட்டதே, ஏன் இன்னும் இப்படி இருக்கிறார்?" என்று கேட்பவர்களுக்கு விடை அந்த ஒரு கிலோவில் இருக்கிறது.

இந்த இடத்தில் நம் வீடுகளின் பாசத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவருக்கு அறுபத்தைந்து, எழுபது வயது ஆனவுடன் அவர் கையிலிருக்கும் வேலையை வாங்கிவிடுவதுதான் மரியாதை என்று நாம் எண்ணுகிறோம். "நீங்க உட்காருங்கம்மா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லாத மகளோ மருமகளோ நல்லவளாக மதிக்கப்படுவதில்லை. காய்கறிப் பையை வாங்கிக்கொள்கிறோம். துணி உலர்த்த மாடிக்குப் போவதைத் தடுக்கிறோம். காப்பியைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். என் பாட்டி கடைசி நான்கு ஆண்டுகளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தார். அதற்கு முந்தைய ஆண்டுவரை முற்றத்தைக் கூட்டிப் பெருக்கியவர் அவர். துடைப்பத்தை அவர் கையிலிருந்து அன்போடு வாங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன். அன்று அது தவறு என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. தள்ளாமை என்ற அழகான பழஞ்சொல் நம்மிடம் இருக்கிறது. அதை வயதோடு தானாக வந்து சேரும் ஒன்றாகவே பேசிப் பழகிவிட்டோம். அதில் ஒரு பகுதி வயதால் வருவது. ஒரு பகுதி, செய்துகொண்டிருந்த வேலை நின்றுபோனதால் வருவது. இந்த இரண்டாவது பகுதி மீட்கக்கூடியது.

இது எல்லாருக்கும் ஒரே மாதிரி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அறுபத்தெட்டு வயதிலும் நாற்று நடப் போகிற, நூறு நாள் வேலையில் மண் சுமக்கிற பெண்ணிடம் தசைப் பயிற்சி பற்றிப் பேசுவது பொருத்தமாக இருக்காது. அவருக்குக் குறைவது உழைப்பாக இருக்க முடியாது. தட்டில் விழும் பருப்பும் முட்டையும், தேய்ந்த முட்டிக்குச் சிகிச்சையும், ஓய்வும்தான் அவருக்குக் குறைகின்றன. அம்மியும் ஆட்டுரலும் கிணற்று ராட்டினமும் இருந்த காலத்துக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்பவர்கள், அந்த வேலைகள் பெண்களின் இடுப்பையும் தோளையும் எப்படித் தேய்த்தன என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உடலுக்கு வேண்டியது அளவறிந்த சுமையும் அதற்கேற்ற சோறும்.

மீட்கக்கூடியது என்று சொன்னதற்கு வலுவான சான்று 1990-இல் கிடைத்தது. பாஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் இருந்த பத்துப் பேரை மருத்துவர் மரியா ஃபியாட்டரோனும் அவருடைய குழுவினரும் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுடைய சராசரி வயது 90. பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட நோய்கள் இருந்தன. அந்த வயதுக்காரர்களைப் பளு தூக்கச் சொல்வது ஆபத்து என்பதே அன்றைய பொது நம்பிக்கை. எட்டு வாரங்கள், வாரத்துக்கு மூன்று நாள், தொடைத் தசைக்கு உண்மையிலேயே கடினமான சுமையைக் கொடுத்துப் பயிற்சி அளித்தார்கள். ஒன்பது பேர் கடைசிவரை செய்து முடித்தார்கள். அவர்களுடைய தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது, அதாவது முன்பிருந்ததைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். கைத்தடியோடு வந்தவர்களில் இருவர் அதை விட்டுவிட்டு நடந்தார்கள். பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் பெற்ற வலுவில் கணிசமான பகுதி கரைந்துபோனது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

நான்கு ஆண்டுகள் கழித்து, இதே குழு நூறு பேரை வைத்துச் செய்த அடுத்த ஆய்வு இன்னொரு கேள்விக்கு விடை தந்தது. சிலருக்குப் பயிற்சி, சிலருக்குச் சத்துப் பானம், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டும் இல்லை என்று பிரித்துப் பத்து வாரங்கள் கவனித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் வலு இரு மடங்குக்கும் மேலானது. நடையும் படியேறும் திறனும் கூடின. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்கு வலுவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. மருந்துக்கடைகளில் முதியோருக்கென்று டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கும் பொடிகளை வாங்கிப்போய்ப் பாலில் கலந்து கொடுத்துவிட்டு, அப்பாவுக்குத் தெம்பு வந்துவிடும் என்று காத்திருக்கும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டிய முடிவு இது.

அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான நடை அல்லது அதுபோன்ற உழைப்பு, அதோடு வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்குக் கூடுதலாக மூன்று நாளாவது சமநிலையைச் சோதிக்கும் பயிற்சி என்று 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துக் கொடுத்தது. நம் ஊர்ப் பூங்காக்களில் முதல் பாகம் நன்றாகவே நடக்கிறது. மற்ற இரண்டும் நடப்பதில்லை. இவற்றுக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. சுவரையொட்டிப் போட்ட உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்று மெதுவாக மீண்டும் உட்காருவதே தொடைக்குப் போதுமான பளு. பத்து முறை சுலபமாக முடிகிறது என்றால் உட்காரும் வேகத்தைக் குறைக்க வேண்டும், அல்லது கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை அணைத்துக்கொள்ள வேண்டும். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவதும், அதே மேடையருகே ஒற்றைக் காலில் சில நொடிகள் நிற்பதும், ஒரு காலின் குதிகாலை மறு காலின் விரல்நுனியோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடப்பதும் மற்றவை. கடைசி இரண்டு முறை சற்றுச் சிரமமாக இருந்தால்தான் தசைக்கு அது செய்தியாகப் போய்ச் சேரும். சிரமம் வேறு, வலி வேறு; நெஞ்சில் இறுக்கமோ தலைச்சுற்றலோ மூட்டில் குத்தும் வலியோ வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேட்க வேண்டும். இத்தகைய பயிற்சிகளைப் பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2019-இல் வெளியான மதிப்பாய்வு, வீட்டில் வாழும் முதியோர் விழும் எண்ணிக்கை அவற்றால் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைவதாகக் கண்டது.

தரையில் உட்கார்ந்து எழும் பழக்கம் நம்மிடம் இருந்த ஒரு சொத்து. சம்மணமிட்டுச் சாப்பிட்டு, கையூன்றாமல் எழுந்து இலையை எடுத்துப் போட்டவர்கள் நாள்தோறும் தம்மை அறியாமலே ஒரு தேர்வில் தேறிக்கொண்டிருந்தார்கள். பிரேசிலைச் சேர்ந்த மருத்துவர் கிளாடியோ கில் அராவ்ஜோவின் குழு, 51 முதல் 80 வயதுவரையான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி, கையோ முட்டியோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் மதிப்பெண் குறைத்து, பிறகு அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. குறைந்த மதிப்பெண் பெற்றவர்களிடையே சாவு விகிதம் தெளிவாக அதிகமாக இருந்தது. தரையில் உட்கார்ந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. வலு, வளையும் தன்மை, சமநிலை, உடல் எடை ஆகிய எல்லாம் எப்படி இருக்கின்றன என்பதை அந்த ஒரு செயல் வெளிப்படுத்திவிடுகிறது, அவ்வளவுதான். முட்டி தேய்ந்து வலிப்பவர் தம்மை வருத்திக்கொண்டு தரையில் அமர வேண்டியதில்லை. ஐம்பது வயதில், எந்த வலியும் இல்லாமலே, சாப்பாட்டு மேசைக்கும் சோபாவுக்கும் முழுக்க மாறிவிட்டவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நாளொன்றுக்கு ஒரு வேளையாவது தரையில் உட்கார அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை.

உணவுக்கு வருவோம். காலையில் மூன்று இட்லி, மதியம் ரசமும் ஒரு பொரியலும் சேர்த்துக் கொஞ்சம் சோறு, கடைசியில் மோர், மாலையில் காப்பி, இரவில் இரண்டு இட்லி அல்லது கஞ்சி. தமிழ்நாட்டு முதியவர் ஒருவரின் தட்டு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. வயிற்றுக்கு இதமானது என்று வீட்டாரும் இதையே கொடுக்கிறார்கள். ஓர் இட்லியில் இருக்கும் புரதம் ஏறத்தாழ இரண்டு கிராம். நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தாலும் இந்தத் தட்டு முப்பது கிராமைத் தாண்டுவது கடினம். வயதானவர்களுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 60 முதல் 72 கிராம். வயது ஏற ஏறச் சாப்பாட்டின் அளவு குறையலாம், புரதத்தின் அளவு குறையக்கூடாது என்பது வழக்கத்துக்கு மாறாகத் தோன்றலாம். இளைஞரின் தசை சிறிதளவு புரதம் வந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு வளர்ச்சிப் பணியைத் தொடங்கிவிடுகிறது. முதியவரின் தசையைத் தட்டியெழுப்ப ஒவ்வொரு வேளையிலும் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

இதற்குத் தனிச் சமையல் தேவைப்படாது. ஐம்பது கிராம் உலர்ந்த கொண்டைக்கடலையை ஊறவைத்து வேகவைத்த சுண்டலில் ஒன்பது, பத்து கிராம் புரதம் உண்டு. ஒரு முட்டையில் ஆறு. ஒரு கைப்பிடி நிலக்கடலையில் ஏழு. ஒரு டம்ளர் பாலில் ஆறு. நூறு கிராம் மீனில் இருபதை ஒட்டி. பல் இல்லாதவர்களுக்குச் சுண்டலை மசித்துக் கொடுக்கலாம், நிலக்கடலையைச் சட்னியாக அரைக்கலாம். அரிசியோடு மூன்று நான்கு பருப்பை அரைத்துச் சுடும் அடையை மிருதுவாக வார்த்தால் இரவு இட்லிக்கு அது நல்ல மாற்று. பொருந்தாத பல்செட்டைச் சரிசெய்துகொள்வதும் புரதத்துக்கான வழிதான், ஏனென்றால் மெல்ல முடியாதவர் முதலில் கைவிடுவது பயறும் இறைச்சியும்தான். சிறுநீரகம் பழுதுபட்டவர்கள் மட்டும் தம் மருத்துவர் சொல்லும் அளவைத் தாண்டக்கூடாது. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருக்கக்கூடும் என்பதால் கிரியாட்டினின் பரிசோதனையைப் பார்த்துவிட்டு உணவை மாற்றுவது நல்லது.

விழாமல் இருக்கத் தசையைத் தவிர வேறு சிலவும் உண்டு. கண்புரையைத் தள்ளிப்போடாமல் அகற்றிவிடுவது, குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்துவது, இரவில் கழிவறைக்குப் போகும் வழியில் மங்கலான விளக்கு ஒன்று எரிவது ஆகியவை செலவு அதிகமில்லாதவை. தூக்க மாத்திரையும் சில ரத்த அழுத்த மாத்திரைகளும் படுக்கையிலிருந்து எழும்போது தலைசுற்ற வைக்கும். நான்கு மருத்துவர்கள் தனித்தனியே எழுதிக் கொடுத்த பத்து மாத்திரைகளை ஒரே மருத்துவர் ஒருமுறை உட்கார்ந்து பார்ப்பது பல முதியோருக்குப் பெரும் உதவியாக இருக்கும்.

அப்படி முழுமையாகப் பார்ப்பதற்கென்றே உள்ள முதியோர் மருத்துவம் என்ற துறைக்கு இந்தியாவில் அடித்தளம் போட்டது சென்னைதான். சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் வி.எஸ். நடராஜன் வளர்த்தெடுத்த அந்தத் துறையில், நாட்டிலேயே முதலாவதாக 1996-இல் முதுகலைப் படிப்பு தொடங்கியது. 2012-இல் அவர் பத்மஸ்ரீ விருது பெற்றார். கிண்டியில் கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு கட்டப்பட்ட தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சென்னைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அருகிலிருக்கும் வாய்ப்பு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் திட்டமாகவே பலர் அதை அறிந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை அளிப்பவர்களும் அதில் இருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. விழுந்து எழுந்தவருக்கும், காய்ச்சலில் படுத்துத் தளர்ந்தவருக்கும், மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேட்டால் அந்தச் சேவைக்கு வழி தெரியும்.

கோப்பில் எழுதப்படாத அந்த எண்ணை வீட்டிலேயே அளந்துகொள்ளலாம். ஆசிய நாடுகளின் வல்லுநர் குழு 2019-இல் வகுத்த முறை இது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பக்கத்தில் ஒருவர் நின்று கைபேசியில் பார்க்க வேண்டும். 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால் கால்களின் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தைத் தையல் நாடாவால் சுற்றி அளந்து, ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் தசை இளைத்திருக்கக்கூடும் என்று அதே குழு சொல்கிறது. இரண்டு எண்களையும் தேதியோடு ஒரு தாளில் குறித்து, மருத்துவக் கோப்பில் சர்க்கரைப் பரிசோதனைத் தாளுக்குப் பக்கத்தில் செருகி வைத்து, மூன்று மாதம் பயிற்சி செய்தபின் அதே நாற்காலியில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும்.